முதல் வண்டி

புதுத் தாரின் மேல் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

ஊருக்கு வெளியே போட்டிருந்த ரேஸ் டிராக்குக்கு அன்று மாலைதான் திறப்பு. பிறக்கும்போதே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பிறந்தவன் என்று வீட்டில் கேலிக்கு ஆளான மெக்கானிக், வாசலில் முதல் ஆளாக வண்டியோடு வந்து நின்றிருந்தான். பல வண்டிகள் ஓடி, டயர் தேய்ந்து படிந்தால்தான் அப்படி ரப்பர் கோடு விழும்.

“இதுக்கு முன்னாடி இங்க யார் ஓட்டினா?”

கொடிக்காரர் பச்சைக் கொடியை உதறிக்கொண்டே சிரித்தார். “யாருமில்ல சார். நீங்கதான் முதல் வண்டி.”

பக்கத்து சீட்டில் மனைவியின் தம்பி இருப்புக் கொள்ளாமல் துள்ளிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது அவள் சொன்னது விளையாட்டுக்கல்ல: “எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் இல்லாம வீட்டு வாசப்படி ஏறாதீங்க.”

முதல் சுற்றில் மெக்கானிக்கின் பயம் போய்விட்டது. தெரியாத டிராக்கில் ரப்பர் கோட்டை நம்பு என்பது ஓட்டுகிறவர்களின் வேதம். கோடு தடித்த இடத்தில் பிரேக் மிதித்தான், வளைந்த இடத்தில் வளைத்தான், என்ஜின் உறுமலும் டயரின் கீச்சிடலும் திறந்த ஜன்னல் வழியே காதை நிறைக்க, வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. புதுத் தாரின் வாடைக்கு அடியில் வேறொரு வாடை மட்டும் விட்டு விட்டு வந்தது. கறிக்கடையைக் கழுவிவிட்ட வாடை.

இரண்டாவது சுற்றில், கடைசி வளைவில் கோடு சுவர்ப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. அவனும் ஒதுங்கினான். பக்கக் கண்ணாடி சுவரில் உரசி உடைந்தது.

“மாமா, கோடு நகருது.”

“சும்மா இரு மச்சான். கோட்டுக்குத் தெரியாதா?”

சொன்ன பிறகுதான் உற்றுப் பார்த்தான். கோடு ஈரமாக இருந்தது.

மூன்றாவது சுற்று. கடைசி வளைவு. கோடு வளையவில்லை. நேராகச் சுவருக்குள் போனது. பிரேக்கை மிதித்தான். நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தான். அசையவில்லை.

“மாமா!”

தகரம் கிழிந்தது. எலும்பு முறிந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

கண் திறந்தபோது பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். வாய் நிறைய ரத்தம், உடைந்த பல். பக்கத்து சீட்டின் பெல்ட் பூட்டியபடியே இருந்தது. அதில் மைத்துனனின் இடுப்புக்குக் கீழே மட்டும் இருந்தது.

கொடிக்காரர் நிதானமாக நடந்து வந்தார். டிராக்கில் கிடந்த மீதியைக் கையைப் பிடித்துத் தூக்கினார். பின்பக்கமாக நடந்தபடி, வளைவை ஒட்டி, தார் மேல் அழுத்தி அழுத்தி இழுத்துக்கொண்டு போனார். இழுத்த இடமெல்லாம் கோடு. காயக் காயக் கறுத்தது.

அவன் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தான். பூட்டு திறக்கவில்லை.

வாசல் பக்கமிருந்து காற்றில் சிரிப்பு வந்தது.

“யாருமில்ல சார். நீங்கதான் முதல் வண்டி.”

ஒரு என்ஜின் உறுமியது. இரண்டு முறை அவனைத் தாண்டிச் சுற்றிப் போனது. மூன்றாவது முறை, மைத்துனன் போட்ட கோட்டின் மேல் ஓர் அங்குலமும் பிசகாமல், முகப்பு விளக்குகள் நேராக அவனை நோக்கி வந்தன.