பாய்லர் கொட்டகையில் காணாமல் போன வால்வு

காலை ஒன்பது மணி. கடற்படை அருங்காட்சியகத்தின் கூடத்தைத் திறந்து உள்ளே போன காவலாளியம்மா போட்ட கூச்சலில் கப்பல் தளமே திரும்பிப் பார்த்தது. கண்ணாடிப் பெட்டி உடைந்து கிடந்தது. உள்ளே இருந்த பழைய பித்தளை வால்வைக் காணோம்.

பத்து மணிக்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஸ்டேஷனில் அவருக்குப் 'பட்டாசம்மா' என்று பட்டப்பெயர். அது தெரிந்தும் அவர் கண்டுகொள்வதில்லை.

"யாராவது வெளியே போனாங்களா?"

"ஒரு ஈ காக்கா போகலை மேடம். வாசல்ல எல்லார் பையையும் பார்த்தாச்சு," என்றார் ஏட்டு.

அதற்குள் அருங்காட்சியகக் காப்பாளர் குறுக்கே விழுந்தார். "விசாரணை என்ன வேண்டிக் கிடக்கு? இந்தப் பொம்பளைய ஜீப்புல ஏத்துங்க. நாளைக்கு வால்வைச் சோதிச்சா இவ அப்பன் குட்டு வெளிப்பட்டுடும்னு இவதான் எடுத்திருக்கா!"

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "யாரை ஏத்தணும்னு எனக்குத் தெரியும். நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க."

அந்தக் கூடம் ஒரு காலத்தில் பாய்லர் கொட்டகை. கப்பல் கட்டுவது நின்றதும் சாமான் கிடங்கானது, பிறகு அருங்காட்சியகமானது. அங்கேதான் ஒரு நாள் பாய்லர் வெடித்து ஒன்பது பேர் வெந்து செத்தார்கள். அந்தப் பாய்லரில் இருந்ததுதான் காணாமல் போன வால்வு. 'குடித்துவிட்டு வந்த கரி தள்ளும் தொழிலாளியின் அலட்சியம்' என்று காப்பாளர் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அந்தத் தொழிலாளியின் மகள்தான் காவலாளியம்மா. பெற்ற தகப்பனைத் திட்டுகிற சுவரை மகளே காவல் காக்க வேண்டுமாம்! அதைப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

எதிர்ச்சுவரில் அன்றைய தலைமை இன்ஜினியரின் ஆளுயரப் படம். காப்பாளரின் அதே மூக்கு, அதே நெற்றி.

"உங்க அப்பாவா?"

"ஆமா. இந்தத் தளத்தையே தூக்கி நிறுத்தின மனுஷர்."

இன்ஸ்பெக்டர் காவலாளியம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா."

"கண்ணாடியத் துடைக்கும்போது பார்த்தேன் மேடம். வால்வுல ஆவி வெளியேறுற வாயில ஒரு இரும்பு ஆப்பு அடிச்சிருக்கு. அந்த வாயை அடைச்சா பாய்லர் வெடிக்காம என்ன செய்யும்? அதுக்கு மேல பூட்டுப் போட்ட கம்பிவலை மூடி வேற. சாவி தலைமை இன்ஜினியர்கிட்ட மட்டும்தான் இருக்கும். எங்கப்பாவால அதைத் தொடக்கூட முடியாது. கழட்டிப் பாருங்கன்னு மனு போட்டதே நான்தான். நாளைக்கு நிபுணருங்க வர்றாங்க. இன்னைக்கு நானே திருடுவேனா? எனக்கென்ன பைத்தியமா?"

அவருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

கூடம் இருட்டாக இருந்தது. நேற்று ஒரு பக்கச் சுவருக்கு வர்ணம் அடித்த பெயிண்டர், ஈரம் காயும்வரை ஷாக் அடிக்காமலிருக்க மாலையே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டதாகச் சொன்னார். கடல் பக்கத்து ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதன் கீழே இன்னொரு கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் ஒரு கறுப்புத் துணி.

"உன் துணியாப்பா இது?"

"இல்ல மேடம். மியூசியத்துதுன்னு நினைச்சேன்."

"நேத்து சாயங்காலம் இது இல்ல மேடம்," என்றார் காவலாளியம்மா. "பெயிண்டர் போட்டதுன்னு நினைச்சு விட்டுட்டேன். அந்த ஜன்னலைத் திறந்தே நான் பார்த்ததில்ல."

இன்ஸ்பெக்டர் துணியைத் தூக்கினார். உள்ளே பழைய போர்க்கப்பலின் கொடி.

"மூடுங்க!" காப்பாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "வெயில் பட்டா சாயம் போயிடும்!"

"அப்படியா? நீங்க எப்போ உள்ளே வந்தீங்க?"

"இவ கத்தின பிறகுதான். எதையும் தொடலை."

இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொல்லி அனுப்பினார். ஏட்டு திரும்பி வந்தபோது கையில் ஒரு மரப்பெட்டி. பஞ்சுக்கு நடுவே, மெல்லிய துணி சுற்றி, குழந்தையைப் போல வால்வு படுத்திருந்தது. ஆப்பும் பூட்டிய மூடியும் அப்படியே இருந்தன.

"பின்கட்டுல பழைய பொருளை வைக்கிற ஸ்டோர்ல இருந்துச்சு மேடம். நீங்க சொன்ன மாதிரியே."

"எப்பவும் சாத்தியிருக்கிற ஜன்னலுக்குக் கீழ கொடிக்குத் துணி எதுக்கு சார்?" இன்ஸ்பெக்டரின் குரல் ஏறியது. "ஜன்னலைத் திறந்தவனுக்குத்தான் அது வேணும். கரண்ட் இல்ல, வெளிச்சத்துக்குத் திருடன் திறந்தான். திறந்ததும் கொடி வெளுத்துடுமேன்னு அவனுக்கு மனசு கேட்கல, மூடினான். இந்தக்காவுக்கும் பெயிண்டருக்கும் அந்தத் துணி எதுக்குன்னே தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. காலையில இந்தக்கா கதவைத் திறக்கிற சாவிச் சத்தம் கேட்டதும், ஜன்னலையும் துணியையும் அப்படியே விட்டுட்டு வால்வோட பின்கட்டு வழியா ஓடிட்டீங்க. வால்வைக் கடல்ல வீசியிருந்தா நான் தேடிக்கிட்டே இருந்திருப்பேன். ஆனா பழைய பித்தளைய உப்புத் தண்ணியில போட உங்க கைக்கு வராது. பத்திரமாத்தான் வச்சிருப்பீங்கன்னு ஸ்டோருக்கு ஆள் அனுப்பினேன்."

காப்பாளர் உதட்டை நக்கினார். "அப்பா பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்..."

காவலாளியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு துணி வெளுத்துடக் கூடாதுன்னு ஓடிப்போய் மூடினீங்களே சார். எங்கப்பா பேரை வருஷக்கணக்கா எல்லார் கண்ணு முன்னாலயும் போட்டுக் கொளுத்தினீங்களே, அப்ப உங்க மனசு எங்க போச்சு?"

விலங்கைக் கையில் வைத்திருந்த ஏட்டு ஓரடி முன்னே வைத்தார். இன்ஸ்பெக்டர் அவரைத் தடுத்தார்.

"இருய்யா. அந்தக்கா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லட்டும்."