கோழி ஷெட்டில் ஓடிய ஆல்பம்

எருமப்பட்டி வட்டாரத்தில் இசையின் தரம் அறிந்த காது ஒரே ஒரு ஜோடிதான் உண்டு. அது தன் தலையில்தான் இருக்கிறது என்பதில் மயில்சாமிக்கு இம்மியளவும் ஐயம் கிடையாது. அத்தாட்சியும் வைத்திருந்தார். திடீர்ச் சத்தத்துக்குக் கோழிகள் மிரளாமல் இருக்க, பண்ணைகளில் நாள் முழுக்கப் பாட்டு ஓடவிடுவார்கள். தன் பண்ணையில் தான் பொறுக்கிப் போடும் பாட்டுக்கு முட்டை எடை கூடி விழுவதாக அவர் சொல்வார். கோழிகள் மறுத்ததில்லை.

மனைவி கோகிலவாணியும் எதையும் மறுத்ததில்லை. லாரி அடித்துச் செத்த மகன் இளவழகனை வாசலில் கொண்டுவந்து கிடத்தியபோது பெண்கள் மாரடிக்கக் கூடினார்கள். "படிச்ச பையன். ஒப்பாரி வெச்சு அசிங்கம் பண்ணாதீங்க" என்று மயில்சாமி தடுத்துவிட்டார். அவர் மானத்துக்காக அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அன்று திணித்தது திணித்ததுதான்... பெத்தவளுக்குக் கல் நெஞ்சு என்றது ஊர். அதை மறுக்கவும் அவள் வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலை, பல் துலக்கியபடி ஷெட்டுப் பக்கம் போன மயில்சாமி, வேப்பங்குச்சியோடு நின்றுவிட்டார். ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு இல்லை. இளவழகன் உயிராகக் கேட்ட, பிளாக் மெட்டல் என்கிற அலறல் பாட்டு ஆல்பம் உறுமிக்கொண்டிருந்தது. சொந்தபந்தம் வந்தால், அந்தப் பாடகனைப் போல வாயைப் பிளந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பது அவர் வழக்கம். மகன் எழுந்து போய்விடுவான். இன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெட்டின் கோடியில் யாரோ முதுகைக் காட்டி நிற்பதுபோல் இருந்தது.

மகனின் போன் தீவன மூட்டை மேல் இருந்தது. பக்கத்தில் கோகிலவாணி முட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, பேயக் கூப்புடறயா? கோழியெல்லாம் செத்துப் போயிரும். இத ஒடச்சுக் கெணத்துல வீசறேன் பாரு."

அவர் போனை எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவள் அவர் கையைத் தடுத்துப் பிடித்தாள்.

"நிறுத்தாதீங்க. நடுவால நிறுத்துனா அவனுக்குப் புடிக்காது. மழைச் சத்தத்துல ஆரம்பிச்சு முழுசாக் கேக்கோணும்பான். கிட்டாரு ஒரே சுதியில மெசினாட்டம் எரையுதுங்களா... அதுக்குப் பின்னால, எங்கியோ தூரத்துல நின்னு ஒருத்தன் கத்தறானுங்க. என்ன சொல்றான்னு எனக்குத் தெரியல. ஆனா அன்னிக்கு நீங்க என்னையக் கத்த உடலீங்களே... அத அவன் கத்தறானுங்க."

மயில்சாமி போனை மூட்டை மேலேயே வைத்துவிட்டு நடந்தார். போகிற போக்கில், தாளம் சரியில்லை என்று மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் அவள் நாமக்கல் போய்த் திரும்பியபோது ஷெட்டில் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. தீவன மூட்டை மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் மயில்சாமி. வாய் அகலப் பிளந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தாள்.

அப்புறம் சத்தம் வந்தது.