நடுவில் வைத்த தட்டு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வெட்கமும் இல்லை, விவரமும் இல்லை. வேலை இல்லை என்று அழுவார்கள். அழுதுகொண்டே கடைக்குப் போய் ரோல்ஸ் தின்பார்கள். மழைக்கு ஒதுங்கி யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தடித் தேநீர்க் கடைக்குள் நான் இருந்தபோது, அப்படி இரண்டு பேர் என் மேசைக்கே வந்து வாய்த்தார்கள்.

முதலில் வந்தவள் ஆரணி. கொடிகாமத்துப் பிள்ளை. பட்டம் எடுத்தும் வேலை இல்லை. அன்றைய நேர்முகத்துக்கு ஓட்டோ பிடிக்காமல் நடந்தே போய்வந்தாளாம். மிச்சம் பிடித்த காசுக்கு ஒரு ரோல்ஸ்... அதுவும் இல்லாவிட்டால் அடுத்த நேர்முகத்துக்குக் கால் எழும்பாது.

எங்கள் ஊர்க் கடை வழக்கம் தெரியும்தானே. ரோல்ஸ், வடை எல்லாம் தட்டில் அடுக்கி மேசை நடுவில் வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு. அவள் கை நீட்டும் நேரம், எதிரே வந்து குந்திய மயூரதன் என்ற பெடியன் ஒவ்வொரு ரோல்ஸாக விரலால் அமத்திப் பார்த்துத் திரும்ப வைத்தான்.

“உதுகளை இனி ஆர் தின்னுறது?” என்றாள்.

“இண்டைக்கு ஒண்டுதான் தின்னலாம். அப்ப அது சூடா இருக்கவேணுமெல்லோ... வேலை தேடுறவன்ரை கணக்கு அப்பிடி.”

ஏச வாய் திறந்தவள் சிரித்துவிட்டாள். மழைத்துளி இமையில் நின்று மினுங்கியது... பெரிய கண்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். பெடியன் ரோல்ஸை மறந்து அதையே பார்த்தான்.

பிறகு ஒரே கதை. அவன் கைதடிப் பெடியனாம். அவன் தலைமயிர் வெட்டாமல் மிச்சம் பிடிப்பானாம், ஆனால் கிரிக்கெட் பார்க்கப் போனுக்கு டேற்றா போடுவானாம். அவள் அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுவாளாம், ஆனால் வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ வாங்காமல் விடமாட்டாளாம். என்ன சிக்கனமோ! கேட்டுக் கேட்டு என் தேத்தண்ணி ஆறிப்போனது.

கடைக்காரன் எங்களை ஒரு குடும்பம் என்று நினைத்து ஒரே பில்லாகப் போட்டுவிட்டான். மயூரதன் எழும்பி எல்லாவற்றையும் கட்டினான், என் தேத்தண்ணி உட்பட. நான் நீட்டிய காசையும் வாங்கவில்லை.

ஆரணியின் முகம் சிவந்தது. லண்டன் மாமன் அனுப்பிய காசையே திருப்பிவிட்டவள் அவள். ஒருவருக்கும் கடன்படாமல் நிற்பது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய பெருமை.

“வேலை இல்லாட்டி என்ன, எனக்கு ஆரும் சோறு தீத்தத் தேவையில்லை.”

அவன் மழைக்குள் இறங்கிப் போனான்.

கொடிகாமம் பஸ் ஆள் நிரம்பும்வரை நின்று நின்று புறப்பட்டது. நானும் அதில்தான் ஏறினேன். அவள் என் முன் சீற்றில் கோபத்தில் புகைந்துகொண்டிருந்தாள். அரியாலையில், நனைந்து ஒட்டிய சேட்டோடு அவன் நடந்து போவதைக் கண்டாள். பஸ் காசையும் கடையில் கட்டிவிட்டு... அந்தப் பவுசுக்காகவா?

“அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ,” என்று கண்டக்டரிடம் சொன்னவள், கைதடிக்கு அவனுக்கு ரிக்கற்றும் எடுத்தாள். அவன் மிதிபலகையில் நின்றபடி, வேண்டாம், நடப்பன் என்றான்.

“நீங்கள் குடுத்தாப் பெருமை, நான் குடுத்தாக் குறைவோ? ஏறுங்கோ.”

ஏறினான். அவள் சீற்றுக்குப் பக்கத்தில் நின்றான். சேட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது...

“காசில்லாதவன் எண்டு நீங்கள் நினைக்கக்கூடாது எண்டு ஒரு விசர்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவள் யன்னலைப் பார்த்தாள். “எனக்கும்தான்... ஆனா வேலை கிடைச்ச பிறகு கதைப்பம்.”

“ஆருக்கு?”

“ஆருக்கு முதல் கிடைக்குதோ.”

நாவற்குழியில் நான் இறங்கினேன். இரண்டு வெறும் பை சேர்ந்தால் ஒரு நிறைந்த பை ஆகுமா? சொன்னால் கேட்கவா போகிறார்கள்! எனக்கு நம்பிக்கையில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன்.