வேண்டாம் என்றால்

“வேண்டாம்,” என்றாள் நறுமுகை, அணைக்கக் கை நீட்டிய அத்தையிடம்.

கூடத்தில் இருந்த பெரியவர்கள் மூவர் காதிலும் உட்பொருளி மென்குரலில் விளக்கியது: “கூச்சம். வற்புறுத்தலாம்.”

“அத்தைகிட்ட என்னடி வெக்கம்?” என்று திலகவதி ஏழு வயதுச் சிறுமியை இழுத்து அணைத்துக்கொண்டாள். நறுமுகையின் உடல் விறைத்தது. காதுகளைப் பொத்திக்கொண்டு நழுவியவள், சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒடுங்கினாள்.

“வற்புறுத்தலாம்னுதானே சொல்லுச்சு?” என்றாள் திலகவதி. அவளுடைய தம்பியும் குழந்தையின் தந்தையுமான சேதுராமன் தன் காதிலிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்தான்.

உட்பொருளி மிளகளவுக் கருவி. ஒருவர் சொல்வதற்கும் கருதுவதற்கும் உள்ள இடைவெளியை அளந்து, கருதியதைக் கேட்பவர் காதில் சொல்லும். இலட்சக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் உரையாடல்களைக் கேட்டுத் தேறியது. அவ்வுரையாடல்களில் விருந்தாளி எவரும் முதல் அழைப்பில் காபியை ஏற்றதில்லை. மறுக்கப்பட்ட காபி அடுக்களைக்குத் திரும்பியதும் இல்லை. ஆகவே மறுப்பு என்பது வற்புறுத்துவதற்கான அழைப்பு என்று கருவி முடிவு செய்திருந்தது. பிழை கருவியினுடையது அன்று.

நறுமுகை ஆட்டிசம் உள்ள குழந்தை. அவளிடம் அத்தகைய இடைவெளியே கிடையாது. நெடுநாள் பயிற்சிக்குப் பின், ஐந்து வயதில் அவள் பேசிய முதற்சொல் ‘வேண்டாம்’. அன்று அவள் தாய் பூரணி, நீட்டிய பால் தம்ளரை உடனே அப்பால் வைத்தாள். தன் குரல் ஒரு பொருளை நகர்த்தியதைக் கண்ட குழந்தை, வெகுநேரம் தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்பொருளி வந்தபின் அச்சொல் எதையும் நகர்த்தவில்லை. அவள் அதைச் சொல்வதும் குறைந்தது. பல வாரங்களுக்குப் பின் இன்று சொல்லியிருந்தாள். இதுவும் வீணானால் இனிச் சொல்லவே மாட்டாள் என்று பூரணி அஞ்சினாள்.

பூரணி காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, மேசையருகே தரையில் அமர்ந்தாள்.

“பாப்பா, அத்தை உன்னைத் தொடலாமா?”

பூரணி காத்திருந்தாள். பின்பு, “வேண்டாம்.”

“சரிடா. தொடமாட்டாங்க.”

அத்துடன் நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து, காதுகளை மூடியிருந்த கைகள் இறங்கின.

பூரணி எழுந்து கருவியை மீண்டும் அணிந்து, திருத்தம் சொன்னாள்: “வேண்டாம்னா, வேண்டாம்னுதான் அர்த்தம்.”

“இத்திருத்தம் குழந்தைக்கு மட்டுமா, இவ்வீட்டில் பேசும் அனைவருக்குமா?” என்று உட்பொருளி எல்லார் காதிலும் கேட்டது.

“அவளுக்கு மட்டும்னு சொல்லு,” என்று சேதுராமன் தணிந்த குரலில் சொன்னான். “அக்கா பத்து நாள் இருக்கப்போறா. பட்டினி கிடப்பா.”

“அவளுக்கு மட்டும்னா, கோளாறு அவகிட்டதான்னு ஆயிடும்ங்க,” என்றாள் பூரணி. “எல்லாருக்கும்.”

இரவு உணவின்போது நறுமுகை மேசைக்கு அடியிலிருந்து வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

“அண்ணி, இன்னொரு தோசை?” என்று திலகவதியிடம் கேட்டாள் பூரணி.

“ஐயோ வேண்டாம்மா, வயிறு நெறஞ்சிருச்சு.”

“வேண்டாம்,” என்றது உட்பொருளி. பூரணி தோசையைத் திரும்ப எடுத்துச் சென்றாள்.

திலகவதி வெறுந்தட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள், அவன் தன் தட்டைப் பார்த்தான். அறுபது வயதுவரை அவள் வாய்விட்டு உணவு கேட்டதில்லை. கேட்கும் தேவையை எவரும் விட்டுவைத்ததில்லை.

“எனக்கு...” தட்டைச் சற்று முன்னே நகர்த்தினாள். “எனக்கு இன்னும் ஒண்ணு வேணும்.”

அடுக்களையிலிருந்து பூரணி வருவதற்குள், நறுமுகை தன் தட்டிலிருந்த தோசையை எடுத்து, யார் முகத்தையும் பாராமல், அத்தையின் தட்டில் வைத்தாள். ஒரு முறை கேட்டதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.