துரையின் டிரான்சிஸ்டர்

மஞ்சள் பை காய்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து எடுத்து வைத்த டிரான்சிஸ்டரிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது.

ஏசுபாதம் முதலில் கவனித்தது அதைத்தான். நவம்பர் மழை பிற்பகல் மூன்று மணியையே இருட்டாக்கி வைத்திருந்தது. கேம்ப் ரோடு முனையில் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. அவருடைய ரேடியோ ரிப்பேர் கடைக்குள், ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்ட்ரிங் புகையும் ஈரச் செருப்பு வாடையும் கலந்து நின்றன. இந்த மழையில் எது நனைந்து வந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் துணிப்பைக்குள் ஒரு பொருள் இப்படிச் சொட்டினால், பை எப்படிக் காய்ந்திருக்கும்?

பையை நீட்டியவள் அமலராணி. சானடோரியம் பகுதியில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் துணி தைக்கிறவள். வீடு பள்ளிக்கரணையில், கழுவெளி என்கிற சதுப்பு நிலத்தின் ஓரம், கடைசித் தெருவில். 1984-இல் காணாமல் போன புருஷனுக்காக எட்டு வருஷமாகக் காத்திருக்கிறவள். இன்று தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள்.

"அண்ணா, சேதி தெரியுமா? அவரு வந்துட்டாருண்ணா!"

"யாரு?"

"இன்னாண்ணா, யாருன்னு கேக்குற? எனக்கு இன்னா பத்து புருசனா கீது? துரைதான். மூணு நாளாச்சு."

தன் பழைய ரேடியோவுக்காக ஸ்டூலில் காத்திருந்த ஸ்ரீநிவாசன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலனிவாசி, பள்ளிக்கூட வாத்தியார். "நல்ல சேதி சொன்னேம்மா. ஏன்யா ஏசுபாதம், ஒரு டீ சொல்லப்படாதோ? பேய் அறைஞ்சாப்ல நிக்கறீரே!"

ஏசுபாதம் சிரிக்க முயன்றார். முடியவில்லை. அவர் கண் டயலிலேயே இருந்தது. கோகில் கம்பெனி செட். டயல் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று வரிசை எண்கள். கே-33, மூன்று பேண்டு.

"வந்ததுலேந்து இதைக் கட்டிக்கினே கீறாரு," என்றாள் அமலராணி. "எங்க செட்டுக்கு ரெண்டு வரிதான இருந்துச்சு, இது இன்னா மூணுன்னு கேட்டேன். பழசுதான், பொட்டியை மட்டும் ஏசுபாதம் மாத்தினாருன்றாரு. நெசமாண்ணா?"

ஏசுபாதம் டயல் கண்ணாடியின் ஈரத்தைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"ஆளு எப்படிம்மா இருக்கார்? சாப்பிடறாரோ?" என்று ஸ்ரீநிவாசன் கேட்டார்.

"எங்க சார்! சோத்தைத் தொட மாட்டேன்றாரு. தண்ணிதான். குடம் குடமா குடிக்கிறாரு. வெளிச்சமும் ஆவல. பொயக்கடைப் பக்கமா திரும்பி உக்காந்துக்கினே கீறாரு. எங்கெங்க கெடந்தாரோ, மேலெல்லாம் சேத்து வாடை." அவள் குரல் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி எழும்பியது. "இன்னிக்கு வெளக்கு வெக்கற நேரத்துக்குக் கெளம்பறோம்ணா. அவரு இத்தினி நாளா இருந்த எடத்துக்கு என்னையும் கூப்டுறாரு. எங்கன்னு கேட்டா, பக்கத்துலதான், நடந்தே பூடலாம்ன்றாரு."

"நடந்தா?" என்றார் ஏசுபாதம்.

"ஆமா. அதுக்கு முன்ன செட்டை ரிப்பேர் பாத்து நீயே எடுத்துக்கினு வருவியாம். போலீஸ்ல அன்னிக்கு சொன்ன மாடலை அவரு எதுர்ல ஒருவாட்டி சொல்லணுமாம். பாத்தியா, அதே குசும்பு! வந்துடுண்ணா. நீ இல்லாட்டி எனக்கு ஏது இந்த வாழ்வு?"

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஸ்ரீநிவாசன் மூக்கைச் சுளித்தார். "ஏரி நாத்தமா அடிக்கறதே. என்ன மாடல் இது? முன்னெல்லாம் ஜாதகம் பாக்காமலே நட்சத்திரம் சொல்றாப்ல தூரத்துலேந்தே சொல்லிடுவீர். இப்போ எதைக் கொண்டுவந்தாலும் முதுகைக் கழட்டிப் பாக்கறீர். வயசாயிடுத்தோ?"

"ஆமா சார். வயசாயிடுச்சு."

அவரும் போன பிறகு ஏசுபாதம் கடையின் ஒரு கதவைச் சாத்தினார்.

எட்டு வருஷத்துக்கு முன், இதே மாதிரி ஒரு மழை மாதம். கழுவெளியில் ஒரு பிணம் ஒதுங்கியிருந்தது. இருபது நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு. முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. மணிக்கட்டில் வார் சுற்றிய ஒரு டிரான்சிஸ்டர் மட்டும். புருஷனைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்த அமலராணி லைசென்ஸ் புத்தகத்தோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். ரேடியோவுக்குத் தபாலாபீஸ் லைசென்ஸ் இருந்த காலம். புத்தகத்தில் கோகில் கே-22 என்று எழுதியிருந்தது. சேறு அப்பிய செட்டைப் பார்த்து, எங்களுது மாதிரி கீது, ஆனா மூஞ்சி வேற என்று அவள் குழம்பியதால், விவரம் தெரிந்தவர் என்று ஏசுபாதத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

இரண்டு மாடலுக்கும் பெட்டி ஒரே அளவுதான். டயலும் பின்மூடியும்தான் வேறு. நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் பின்மூடியைக் கழற்றி, உள்ளே செப்புக் கம்பி சுற்றிய காயில்களை எண்ண வேண்டும். 22-க்கு இரண்டு, 33-க்கு மூன்று. நான்கு திருகு, இரண்டு நிமிஷம். ஆனால் அந்த நாற்றத்தில் அவருக்குக் குமட்டியது. கர்ச்சீப்பை மூக்கில் வைத்தபடி தூர நின்றே டயலைப் பார்த்தார். மூன்று வரி. "இது 33 சார். இவங்களோடது இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். அமலராணி அவர் காலில் விழுந்து, சிரித்துக்கொண்டே அழுதாள். பிணத்தை அனாதை என்று எழுதிப் புதைத்தார்கள். செட்டையும் அதே குழியில் போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார்.

மூன்றாம் நாள், கடைப் பரணில் உடைசல் டப்பாவைக் கிளறும்போது ஒரு கே-22 பின்மூடி கைக்கு வந்தது. அதில் ஆணியால் கீறிய பெயர். துரை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பல்லாவரம் கல் குவாரி ஆள் ஒருவன். செட்டைக் கீழே போட்டு உடைத்துக்கொண்டு வந்தான். வாரம் இருபது செட் பார்த்த காலம், பெயர்கூடக் கேட்கவில்லை. உள்பாகத்தைக் கழற்றி, சும்மா கிடந்த ஒரு கே-33 பெட்டியில் மாட்டிக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு போனான். வீடு போய்ச் சேரவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று பள்ளிக்கரணை வரைக்கும் போனார். அமலராணி காபி கொடுத்தாள். "என் தாலியைக் காப்பாத்துன சாமிண்ணா நீ" என்றாள். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தப் பின்மூடியை அன்றைக்கே அடுப்பில் போட்டார். பிளாஸ்டிக் உருகி எரிந்த நாற்றம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை.

இப்போது அதே செட் மேஜையில் இருந்தது. தண்ணீர் மேஜை விளிம்புக்கு ஓடி, அவர் முழங்காலில் சொட்டியது. சில்லென்றிருந்தது.

திருப்புளியை எடுத்தார். துருப்பிடித்துப் புடைத்த திருகுகள். ஆனால் நேற்று எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு கழன்றன. பின்மூடி தானாகச் சாய்ந்தது. கருப்பு வண்டல் மெதுவாக வழிந்து மேஜையில் பரவியது. அதன் நடுவே ஒரு நத்தை ஊர்ந்தது. விரலால் சேற்றை வழித்துவிட்டு எண்ணினார்.

ஒன்று. இரண்டு.

மூன்றாவது இல்லை. பெட்டியின் உள்சுவரில், அவர் பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு செட்டிலும் போடும் சின்னச் சிலுவை. பக்கத்தில் பென்சிலில் தேதி. அவர் கையெழுத்துதான். எட்டு வருஷத்தில் ஒரு எழுத்துகூட அழியவில்லை.

பேட்டரி அறை காலியாக, துரு தின்று ஓட்டையாகக் கிடந்தது. அப்படியிருந்தும் ஸ்பீக்கர் மெல்ல இரைய ஆரம்பித்தது. ஸ்டேஷன் கிடைக்காத இரைச்சல் என்று முதலில் நினைத்தார். இல்லை. கோரைப்புல் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். அதற்கு அடியில் சேறு காலை உறிஞ்சி விடுகிற சத்தம். இன்னும் அடியில், யாரோ மூச்சு விட்டார்கள்.

குமிழைத் திருகினார். டக்கென்று அணைந்தது.

மூச்சு நிற்கவில்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடலாம். மனைவி சாராள் கேட்டால் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். ஆனால் அமலராணி விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவாள். பக்கத்துலதான், நடந்தே பூடலாம். அந்தக் கடைசித் தெருவுக்குப் பக்கத்தில் கழுவெளியைத் தவிர என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னால் நின்றுவிடுவாள். செத்தது துரைதான் என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் வாயால் கட்டி வைத்ததை அவர் வாயால்தான் அவிழ்க்க முடியும்.

மூடியை மாட்டி, செட்டைப் பையில் போட்டு, பஸ் ஏறினார். மேடவாக்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கரணையில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. கரண்ட் இல்லை. தெரு முடிகிற இடத்தில் ஓட்டு வீடு; அதற்குப் பின்னால், கண்ணுக்கெட்டிய மட்டும் கோரையும் தண்ணீரும், சாம்பல் நிறத்தில். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் வாசலில் கால் வைத்ததும் அத்தனையும் ஒன்றாக நிறுத்தின.

"வாண்ணா வாண்ணா!" அமலராணி சிம்னி விளக்கோடு வந்தாள். புதுப் புடவை. கையில் ஒரு சின்ன துணி மூட்டை. "கரெக்ட் டயத்துக்கு வந்துட்ட."

"அமலா, வெளிய வா. ஒரு நிமிசம். உன்னாண்ட தனியா சொல்லணும்."

"எனக்கும் அவருக்கும் நடுவுல இன்னா தனி? எதுர்லயே சொல்லு."

கூடத்தின் கடைசியில், பின்கதவைப் பார்த்து ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலையில் துண்டு. முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைச் சுற்றிச் சிமெண்டுத் தரை பளபளத்தது. நாற்றம். அதே நாற்றம். கர்ச்சீப்புக்காகக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

உருவம் திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டியது. விரல்களில் தோல், அளவு பெரிதான உறைபோலத் தொங்கியது. மணிக்கட்டைச் சுற்றி வார் அழுத்திய பள்ளம். அந்தக் கை லைசென்ஸ் புத்தகத்தை நீட்டிக்கொண்டிருந்தது. புத்தகம் நனையவே இல்லை.

"அமலா," என்றார் ஏசுபாதம். "அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் பாத்த செட்டு..."

"எந்த மாடல்?"

குரல் அந்த உருவத்திடமிருந்து வரவில்லை. அவர் கையிலிருந்த பைக்குள்ளிருந்து வந்தது.

அமலராணி சிரித்தாள். "ஐ, செட்டு பேசுது! ரிப்பேர் பண்ணிட்டியாண்ணா?"

"எந்த மாடல்?"

சொல்லிவிடு. 22. ரெண்டு பேண்டு. சொல்லிவிடு.

"அது வந்து... ட்வென்ட்டி..."

துண்டு அசைந்தது. தலை திரும்ப ஆரம்பித்தது. மெதுவாக. தோள் அசையாமல், தலை மட்டும். முதலில் காது இருக்க வேண்டிய இடம். பிறகு கன்னத்து எலும்பு. அதில் ஏதோ சிறியதாக ஊர்ந்தது. இன்னும் திரும்பியது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு விரற்கடை திரும்பினால் முகம்.

"33!" என்று கத்தினார் ஏசுபாதம். "த்ரீ பேண்டு! அன்னிக்கு நான் சொன்னது சரிதான். செத்தது வேற ஆளு. துரை இல்ல!"

தலை நின்றது.

பிறகு, அதே நிதானத்தோடு, பின்கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"எனக்குத் தெரியாதாண்ணா?" அமலராணி அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். அதே முகம். ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டே அழுத முகம். "நீ சொன்னா சொன்னதுதான்."

குனிந்து அவர் காலைத் தொட்டாள். அந்தக் கையை அவர் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். பின்கதவு திறந்தது. ஈரக் காலடி. அதன் பின்னால் செருப்புச் சத்தம். கோரை விலகியது. தண்ணீர் விலகியது. ஒரு கொலுசு கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது.

பிறகு தவளைகள்.

மூன்றாம் நாள் காலை, ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் வந்தார். "கழுவெளியில ஒரு ரேடியோ கெடைச்சிருக்கு. மாடல் பாத்து சொல்லணுமாம். சார் கூப்புடுறாரு."

ஏசுபாதம் இந்த முறை மறக்காமல் திருப்புளியை எடுத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் மேஜை மேல் மஞ்சள் பை. காய்ந்திருந்தது. பக்கத்தில் டிரான்சிஸ்டர் சொட்டிக்கொண்டிருந்தது. வாரில் கனகாம்பரச் சரம் ஒன்று சிக்கியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். "சீக்கிரம் பாத்து சொல்லுங்க."

ஏசுபாதம் குனிந்தார். நான்கு திருகு. திருப்புளி தொடுவதற்கு முன்பே முதல் திருகு தானாகச் சுழன்று மேஜையில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

உள்ளே மூச்சு கேட்டது. கரகரப்பாக, நிதானமாக ஒன்று. அதை ஒட்டி மெல்லியதாக இன்னொன்று.

இரண்டு.

பின்மூடி திறந்தது. கருப்பு வண்டலுக்கு நடுவில் இரண்டு காயில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவற்றை அடுத்து, புதிதாகத் துடைத்து வைத்ததுபோல, மூன்றாவதற்கு ஓர் இடம் காலியாக இருந்தது.