இருநூற்றுப் பதினேழு பிரேம்

ஏழாவது தடவையும் இருநூற்றுப் பதினேழு என்றே வந்தது.

நாமகிரி நாற்காலியில் சாய்ந்து அந்த எண்ணை முறைத்தாள். மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒற்றை ஷட்டர் போட்ட அந்த வீடியோ ஸ்டுடியோவில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நின்றது. இதை ஓட்ட உங்கள் கணினிக்கு வேகம் போதாது. விட்டுப்போன பிரேம்கள் 217. வேகம் போதாது என்பதில் அவளுக்குத் தகராறு இல்லை. அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டி. ஒரு கல்யாணத்தையே வைரஸ் தின்று ஏப்பம் விட்ட பிறகு அதில் லினக்ஸ் போட்டு, நான்கு வருடமாக மாரடிக்கிறாள். ஆனால் கிழட்டு மாடு தடுக்கி விழுந்தாலும் தினம் ஒரே கல்லிலா தடுக்கும்?

வீடியோ மொத்தம் ஒன்பது நிமிடம். ஐந்தே முக்கால் நிமிடம் வரை ஒழுங்காக ஓடும். அப்புறம் ஒரு குதி. குதித்த பிறகு படத்தில் மூடுபனியும் வானமும் மரக்கிளையும் மட்டும்தான். அந்தக் குதிக்குள்தான் அவள் புருஷன் ராசு செத்துப்போயிருந்தான்.

ஆடி மாதம் ஒரு கல்யாண கேசட்டின் நடுவில் சேர்க்க அருவியும் பனியும் வேண்டுமென்று, திண்ணனூர் நாடு என்கிற மலை ஊர்ப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் கேமராவோடு போனவன் பள்ளத்தில் கிடந்தான். கேமரா பாதி வழியில் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கால் வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் எழுதி முடித்தது. ஊர் முடிக்கவில்லை. கீழே மிளகுத் தோட்டத்தில் இருந்த முத்தன், ஒரு பொம்பளைக் குரல் கூப்பிட்டதைக் கேட்டேன் என்றான். யார் குரல் என்றார்கள். ராசு பொண்டாட்டி குரல் என்றான்.

அந்த நேரம் நாமகிரி இதே நாற்காலியில் இருந்தாள். சாரலுக்குப் பயந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யாருடைய காதுகுத்துக்கோ பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் யாருமில்லை. மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்தவள், புருஷனைத் தள்ளிவிட்டாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். மாமியார் கண்ணாயி, ஆறு வயது ஆர்த்தியை வளப்பூர் நாட்டில் மாமனாரும் அவளும் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். நாளைக் காலை ஊர்க்கூட்டம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் சொல்லப்போகிறார். அந்தக் குதிக்குள் என்ன இருக்கிறது என்று நாளைக்குள் காட்டாவிட்டால், பிள்ளை அவளுக்கு இல்லை.

அதனால்தான் நாமக்கல்லிலிருந்து, படத்தைத் தடங்கலில்லாமல் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு வந்தது. அனுப்பியவன் கோகுல்நாத், அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன், ராசுவிடம் வேலை கற்றவன். செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவனிடம் பேசினாள்.

"கார்டு மாட்டீட்டேன், அதுக்கான டிரைவர் சாப்ட்வேரும் ஏத்தீட்டேன். இன்னும் பழைய டிரைவரயேதான் புடிச்சுத் தொங்குது."

"கான்பிக் பைல்ல ஒரு வரி மாத்தோணுங்க்கா. அப்பறம் வீடியோவ கார்டு வழியா ஓட்டுன்னு சொல்லீருங்க. இப்பத்திக்கு எல்லாப் பாரத்தயும் பிராசசரே சொமக்குது. சத்தத்தோட சேந்து ஓட முடீலீன்னா நடுவுல நாலு பிரேமக் கீழ போட்டுட்டு ஓடிவந்து சேந்துக்கும். கார்டு செஞ்சா ஒண்ணும் விட்டுப்போவாதுங்க."

"அது செரி. ஒவ்வொரு தடவையும் ஒரே நெம்பரு வருமா?"

"வராதுங்க்கா. கூடக் கொறயத்தான் வரும்."

"ஏழு தடவ பாத்துட்டேன். எரநூத்திப் பதினேழு."

"அக்கா, அது ராசண்ணன் கடேசியா எடுத்ததுங்களா? விட்டுருங்களேன். மெசினே காட்ட மாட்டேங்குதுன்னா..."

"மெசினுக்கு என்னடா, அதுக்குப் புள்ளயா குட்டியா? எனக்கு இருக்குது. வெய்யி போன."

வைத்துவிட்டாள். வெளியே மணி நான்குதான். ஆனால் கார்த்திகைப் பனி இறங்கி, எதிரே டீக்கடையின் பல்பு மஞ்சளாகக் கரைந்திருந்தது. சேலம் பஸ் ஒன்று உருமிக்கொண்டே வளைவில் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுத் தேய்ந்தது. ஷட்டருக்கு அடியிலிருந்து ஈர மண்ணும் டீசலும் யாரோ காயப்போட்டு நனைந்த மிளகின் காரமும் கலந்த வாசனை, குளிரோடு சேர்ந்து தரையில் ஊர்ந்து வந்து அவள் பாதத்தைத் தொட்டது. பெட்டிக்குள் புதுக் கார்டின் சின்ன விசிறி சன்னமாக ரீங்கரித்தது. நாமகிரி கால்களை நாற்காலி மேல் தூக்கி மடக்கிக்கொண்டு, அந்த ஒரு வரியை அடித்தாள். எழுத்துப் பிசகாமல் இரண்டு தடவை சரிபார்த்தாள். கணினியை மறுபடி கிளப்பினாள்.

திரை கறுத்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. கறுப்பாகவே இருந்தது.

"வாடி," என்றாள் அதைப் பார்த்து. "உன்னாட்டம் எத்தனை பேரப் பாத்திருக்கறேன்."

வந்தது.

வீடியோவைத் தட்டினாள். அடேயப்பா, என்ன வழவழப்பு! இலை நுனியில் தொங்கும் துளி நீண்டு, அறுந்து, விழுவது வரை தெரிந்தது. ராசுவின் மூச்சு கேட்டது. அவன் செருப்பு சரளைக் கல்லில் உரசுவது கேட்டது. அவனுக்கு இருமல் இருந்தது அன்றைக்கு, மறந்தே போயிருந்தாள். அழ நேரமில்லை என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

ஐந்தே முக்கால் நிமிடம். குதிக்கவில்லை.

பாதை வளைந்தது. வளைவில் ஒரு பலா மரம். மரத்துக்குப் பின்னால் பச்சையாக ஏதோ. இலை என்று நினைத்தாள். இலையில் மஞ்சள் கரை இருக்குமா?

"ஏனுங்க," என்றது ஒலிபெருக்கி. "இங்க வாங்க."

ஒலி ஒருநாளும் விட்டுப்போனதில்லை. ஏழு தடவையும் இந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டாள். இப்போது அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. அவளேதான். கொஞ்சம் சலிப்பாக, சோறு ஆறிப்போகிறது என்று கூப்பிடுகிற அதே இழுப்பு.

கேமரா ஒரு கணம் நின்றது. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி, பாதையை விட்டு இறங்கியது. மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பொம்பளை. பச்சைச் சேலை, மஞ்சள் கரை. ராசு அவளை நோக்கி நடந்தான், நடந்தான். தரை இல்லை. வானம். கிளை.

விட்டுப்போன பிரேம்கள், பூஜ்யம்.

முதலில் அவளுக்கு வந்தது பயமல்ல, ஆத்திரம். பனிப் பாதையில் யார் கூப்பிட்டாலும் திரும்பாதே, பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷக் குரல் என்று கல்யாணமான முதல் வாரமே சொல்லிக்கொடுத்தவன் அவன். அந்த மலையில் பிறந்தவன். அவனா ஏமாந்தான்? ஏமாந்தான். கட்டியவள் எந்த ஊரில் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்? எட்டு வருடத்தில் ஒருநாள்கூட அவள் வாயால் ராசு என்று சொன்னதில்லை. ஏனுங்க என்ற ஒரு சொல்தான். அதைத் திருடிக்கொண்டு போயிருக்கிறது அது.

"திருட்டு நாயே," என்றாள் சத்தமாக. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும்.

இதை ஊர் முழுக்கப் பார்க்கட்டும். அந்த இடத்தில் நிறுத்தி, திரையை அப்படியே படமாகப் பிடித்தாள். பிடித்ததைத் திறந்தால், வீடியோ இருந்த சதுரத்தில் வெறும் நீலம். இன்னொரு தடவை பிடித்தாள். நீலம். அவளுக்குக் காரணம் தெரியும். படம் கார்டிலிருந்து நேராகத் திரைக்குப் போகிறது. கணினியின் கணக்கில் அங்கே ஒரு நீலச் சதுரம்தான். அதாவது, இந்தப் பொம்பளையைக் கணினிகூடப் பார்க்கவில்லை. அந்த அறையில் அவளை ஒரே ஓர் ஆள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்காமல் விட்டுவிடலாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? மறுபடி ஓட்டினாள்.

இந்தத் தடவை அவள் முதுகைக் காட்டவில்லை. பக்கவாட்டில் நின்றாள். காது தெரிந்தது. தோடு தெரிந்தது.

மூன்றாம் தடவை ஓட்டினாள்.

முகம்.

அதே மூக்குத்தி. அதே ஏறு நெற்றி. இடது புருவத்துத் தழும்பு. நாமகிரி தன் புருவத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே அவளும் தடவினாள்.

அப்போதுதான் சேலை உறைத்தது. பச்சை. மஞ்சள் கரை. குனிந்து தன் மடியைப் பார்த்தாள். தீபாவளி கழித்து அம்மா வீட்டிலிருந்து வந்தது. ராசு ஆடியில் செத்தான். அவன் இந்தச் சேலையைப் பார்த்ததே இல்லை.

"நீ யாருடி?"

அந்த முகம் அவளை அலட்சியமாகப் பார்த்தது, தேவையில்லாத ஆளைப் பார்ப்பதுபோல். பிறகு திரும்பி, பனிக்குள் நடந்து போனது. ராசுவின் பக்கம் அல்ல. வேறு எங்கோ.

போன் அடித்தது. நாமகிரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். வளப்பூர் நாட்டு எண். மாமியார்.

"ஏண்டி, சொல்லாமக் கொள்ளாம வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போறதுதான் உங்கூர்ப் பழக்கமா? நாளைக்குத்தான் கூட்டம் வெச்சிருக்குதே. ஒரு ராத்திரி பொறுக்க மாட்டியா?"

"யாருங்க அத்தை கூட்டிட்டுப் போனது?"

"யாரா? நீதான். வாசல்ல நின்னு 'கண்ணு, வா சாமி'ன்னு கூப்ட்டியே. அடுப்படீல இருந்தவளுக்குக் கொரலு கேக்காதா? ஓடியாந்து பாத்தா, பச்சச் சேலயக் கட்டிக்கிட்டு நீ முன்னால போற, பாப்பா உன்ற வெரலப் புடிச்சிட்டு வாரா."

"அத்தை, நான் செம்மேட்டுல இருக்கறனுங்க. கடைல."

"வெளயாடாதடி."

"வெளயாடல! மாமனக் கூப்புடுங்க! ஆளுங்களக் கூட்டிட்டுப் பந்தம் புடிச்சிட்டு எறங்கச் சொல்லுங்க! பேர் சொல்லிக் கூப்புடச் சொல்லுங்க! ஆர்த்தின்னு கூப்புடச் சொல்லுங்க, கண்ணுன்னு கூப்புடாதீங்க!"

மறுமுனையில் கண்ணாயி ஐயோ என்று கத்தியது கேட்டது. நாமகிரி சாவியைப் பிடுங்கினாள். டார்ச்சைப் பிடுங்கினாள். வளப்பூர் நாட்டுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பஸ் எப்போது? ஜீப் கிடைக்குமா? ஓடியாவது போவாள். ஷட்டரைத் தூக்கக் குனிந்தாள்.

பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

வீடியோ முடிந்திருந்தது. ஒன்பது நிமிடம் என்று கீழே முள் கடைசியில் நின்றது. படம் நிற்கவில்லை.

பாதை. பனி. பச்சைச் சேலை முன்னால் போகிறது. கூடவே இரட்டைச் சடை. பள்ளிக்கூடச் சட்டையின் ஒரு பக்கம் பாவாடையிலிருந்து வெளியே தொங்குகிறது. சின்னக் கை. முன்னால் போகிறவளின் விரலைப் பிடித்திருக்கிறது.

நாமகிரி ஷட்டரை விட்டாள். திரையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஆர்த்தி!"

நடக்கிறார்கள்.

"ஆர்த்தி! ஆர்த்தி!"

குழந்தை நின்றது. திரும்பியது. நேராக, திரைக்கு இந்தப் பக்கம், அவளைப் பார்த்தது.

"அம்மா இங்க இருக்கறேன் கண்ணு! அது நானில்ல! கைய வுடு! வுட்டுட்டு இங்க ஓடியா!" பிறகு அந்த இன்னொருத்தியைப் பார்த்து, தொண்டை கிழிய, "ஏய்! அவன எடுத்துக்கிட்ட இல்ல? இவ எம் புள்ள! தொட்ட கைய ஒடிச்சுப் போடுவன்! எங்க போனாலும் வருவண்டி!"

பச்சைச் சேலைக்காரி நாமகிரியின் பக்கம் கை காட்டி, குனிந்து குழந்தையின் காதில் ஏதோ கேட்டாள்.

ஆர்த்தி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தது. திரும்பி நாமகிரியின் முகத்தைப் பார்த்தது. கண்ணைச் சுருக்கி மறுபடியும் ஒரு தடவை பார்த்தது. இல்லை என்று தலையாட்டியது. பிறகு, தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்தால் எப்போதும் செய்கிற மாதிரி, அம்மாவின் பச்சைச் சேலைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டு, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.