யுஸ்ரா மூடிய பட்டறை

யுஸ்ரா எழுதிய ‘எங்கள் வீதி வரலாறு’ ஒரு வாரமாகப் பள்ளி நூலக மேசையில் இருந்தது. படிக்காத ஆள் இல்லை. சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டத்தில் அதன் முடிவுரையை அவளே வாசித்தாள்.

“கடைசியாக, நஞ்சுண்டன் மாமாவின் லேத் பட்டறையும் மூடப்பட்டது. இத்துடன் எங்கள் வீதியின் பட்டறை வரலாறு முடிந்தது.”

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. சாட்சாத் நஞ்சுண்டன் மாமாவேதான்!

“ஏனம்மணி, நா எப்பப் பட்டறைய மூடுனேன்?”

“ரெண்டு வாரமா ஷட்டர் சாத்தியே இருந்துச்சுங்க மாமா...”

“எங்கூர்ல மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுட்டாங்க கண்ணு. நட்டா, நோம்பி முடியற வரைக்கும் ஊர உட்டு வரக்கூடாது. நேத்துத்தான் வந்தேன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யுஸ்ராவோடு படிக்கும் மனோஜ்குமாரின் அம்மா கீதா மட்டும் சங்கடமாக நெளிந்தார்.

“பையன் இதைப் படிச்சுட்டு வந்து சொன்னானுங்க. பட்டறை இல்லையேன்னு எங்க மோட்டார் வேலைய வேற பக்கம் குடுத்துப்போட்டனுங்க.”

சிரிப்பையாவது யுஸ்ரா பொறுத்துக்கொண்டிருப்பாள். இதைப் பொறுக்க முடியவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது. வீதியில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாத்திய ஷட்டரைப் பார்த்ததும், முடிவுரைக்கு நல்ல வரி கிடைத்ததென்று துள்ளிக் குதித்தாளே!

புத்தகத்தோடு வீட்டுக்கு வந்ததும் முடிவுரைப் பக்கத்தைக் கிழித்தாள். புத்தகத்தை எடுத்துப் படித்த தம்பி இல்யாஸ், பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அப்புறம் என்னக்கா ஆச்சு? கடைசிப் பக்கத்த எலி தின்னுருச்சா?”

“வீதி இன்னும் முடியலடா. முடிவு எப்படி எழுதறது?”

“அப்ப நான் எங்க நிறுத்தறது?”

யுஸ்ரா யோசித்தாள். வீதி முடியாதுதான். ஆனால் புத்தகம் முடிகிறதே! எதுவரை எழுதினோம் என்று சொல்லாவிட்டால், படிக்கிறவர்கள் இல்யாஸைப் போலப் பக்கத்தைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சாயங்காலம் முதலில் கீதா அத்தையின் வீட்டுக்குப் போனாள். பிறகு பட்டறைக்கு வந்தாள். நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“மாமா, மன்னிச்சுக்குங்க. அடுத்த வேலை உங்களுக்குத்தான்னு கீதா அத்தை சொன்னாங்க. முடிவுரைய மாத்தி எழுதியிருக்கேன். சரியான்னு சொல்லுங்க.”

லேத்தை நிறுத்திவிட்டு அவர் காதுகொடுக்க, யுஸ்ரா வாசித்தாள்.

“இந்தப் பங்குனி மாதம் வரை நான் பார்த்ததும் கேட்டதும் இவ்வளவுதான். இன்று நஞ்சுண்டன் மாமாவின் பட்டறை ஓடுகிறது. இனி நடப்பதை, விசாரித்துவிட்டு வேறு யாராவது எழுதுங்கள்.”

மாமா கைக் கரியைத் துடைத்தபடி சிரித்தார்.

“ஞாயித்துக்கெழமை லீவுன்னும் எழுதிப்போடு அம்மணி. இல்லாட்டி நாளைக்கே மறுபடியும் வரலாறு முடிஞ்சுரும்!”

யுஸ்ரா சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள்.